முட்டியில் இடிக்கிற கூடை

பேட்ச் மக்களே, பிரிவு மலருக்கு "சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு எழுது, படிச்சா கண்ணுல தண்ணி வரணும்" என்று மூன்று பேர் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறீர்கள். கண்ணில் தண்ணி வேண்டுமென்றால் வெங்காயம் வெட்டுங்கள். இருபத்தாறு வயதில் என்ன பெரிய ஞாபகக் குறிப்பு என்று இளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம்மில் ஒருத்தனுக்கு முன்மண்டை காலி, இரண்டு பேருக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்குக் கழுத்து வலி. நாமும் கிழடுகள்தான். ஒத்துக்கொள்வோம்.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுகிறேன். கினிகத்தேனை வளைவுகளில் விரல் எங்கெங்கோ போகிறது. பிழை இருந்தால் டிரைவரைத் திட்டுங்கள்.

உங்களில் பாதிப் பேர் தேயிலை மலையைப் போட்டோவில் மட்டும் பார்த்தவர்கள். அதனால் முதலில் கூடையை விளக்கிவிடுகிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை முதுகில் போடுவார்கள். அதன் கயிறு தலையில் மாட்டும். இப்போது எங்கள் தோட்டத்தில் எல்லாம் பைதான். அப்போது பிரம்புக் கூடை. கயிற்றின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. கூடையின் அடி இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் கழுத்துப் போய்விடும், கீழே இறங்கினால் நடக்கும்போது காலில் இடிக்கும். ஒருத்தி கூடையை இன்னொருத்தி எடுத்தால் முதல் வேலையாக முடிச்சை அவிழ்த்துத் தன் அளவுக்குக் கட்டுவாள்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. போகிற அன்று காலையில் பெட்டியைக் கட்டி இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய தன் கூடையை எடுத்து என் தலையில் மாட்டினாள். கயிறு தலையில் படுகிற இடத்தில் பழைய நீலச் சேலைத் துணியைச் சுற்றியிருப்பாள். அதில் பச்சைக் கொழுந்து வாடையும் அவளுடைய தேங்காயெண்ணெய் வாடையும் அடிக்கும்.

"அடுப்புக்கிட்டேருந்து வாசல் வரைக்கும் நட பாப்பம்."

நடந்தேன். எட்டு வைக்கும்போதெல்லாம் கூடையின் அடி முட்டிக்குப் பின்னால் 'தட், தட்' என்று இடித்தது. எனக்குச் சிரிப்பு.

"இடிக்குதா?"

"இடிக்குதும்மா!"

"இடிக்காம என்னைக்கு நடக்குறியோ, அன்னைக்கு அம்மா இந்த வாசல்ல வந்து நிப்பேன். ரெண்டே வருசம். அதுக்குள்ள நீ வளந்துருவ."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவள். வருசா வருசம் என் யூனிபோர்ம் மடிப்பை எவ்வளவு இறக்கித் தைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் சொன்னாள். கணக்கு கிட்டத்தட்டச் சரியும்கூட.

அன்றிலிருந்து எனக்குக் கலண்டர் வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கூடையை மாட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசலுக்கு நடப்பேன். இடித்தால், இன்னும் நாள் இருக்கிறது. அவ்வளவுதான். தேயிலை பெக்டரியில் வேலை முடித்து அப்பா வரும்போது நான் நடந்துகொண்டிருந்தால் நின்று பார்ப்பார். அப்பா பொதுவாகவே ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை.

இரண்டு வருசம் முடிந்தது. சித்திரை வந்தது, அம்மா வரவில்லை.

"டிக்கெட் கெடைக்கலயாம்," என்றார் அப்பா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

நான் கூடையை மாட்டி நடந்து பார்த்தேன். தட், தட். அட, இன்னும் இடிக்கிறது! அப்படியானால் டிக்கெட் கிடைக்காததில் என்ன அதிசயம்? தப்பு அம்மா மேல் இல்லை, என் வளர்த்தி மேல். அன்றிலிருந்து ஒரு மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொய்யாமரக் கிளையில் தொங்கினேன், உடம்பு நீளட்டும் என்று. பக்கத்து வீட்டு அத்தை, அதாவது உறவு கிடையாது, லய வரிசையில் அடுத்த காம்பரா, "ஏண்டி வௌவாலு, எறங்குடி, கெள முறியப் போவுது" என்று தினமும் கத்துவார்.

அந்த நேரத்தில்தான் மியூசியம் அக்கா வந்தார்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து கம்பஸில் படித்தவர். எங்கள் தோட்டத்தில் பழைய பிள்ளை மடுவம் ஒன்று சும்மா கிடந்தது. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். புதிதாக ஒன்று கட்டியதும் இதைக் கைவிட்டுவிட்டார்கள். தொட்டில் கட்டிய கொக்கிகள் மட்டும் கூரையில் வரிசையாகத் தொங்கும். அதைக் கேட்டு வாங்கி, கூட்டி, வெள்ளையடித்து, சுவரில் முழ உயர எழுத்தில் எழுதினார்: "தயவுசெய்து எல்லாவற்றையும் தொடவும்."

சிறுவர் மியூசியமாம். எங்கள் தோட்டம், டவுன் கடைத்தெரு, கீழேயுள்ள சிங்களக் கிராமம், மூன்று பக்கத்துக் குடும்பங்களும் வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரு ஞாயிறு ஒரு குடும்பம் தன் கைவேலையைக் காட்டும். மற்றக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும்.

"மியூசியம்னா கண்ணாடிக்குள்ளல்ல வெப்பாங்க?" என்றார் அத்தை. "தொட்டா ஒடஞ்சு போவாது?"

"ஒடஞ்சா ஒட்டிக்கலாம் அக்கா. கொண்டாங்க."

அத்தை ஒரு சிம்னி விளக்கைக் கொடுத்தார், ஏற்கெனவே உடைந்ததை. யாரோ தப்பு மேளம் கொடுத்தார்கள். யாரோ தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கொடுக்க, அதன் வாயில் மட்டும் துணி சுற்றி, "இதை மெதுவாகத் தொடவும்" என்று அக்கா தனிச் சீட்டு எழுதினார்.

நான் அம்மாவின் கூடையைத்தான் வைப்பேன் என்றேன்.

"கூடையா?" அப்பா சாப்பாட்டில் கையை நிறுத்தினார். "கூடை வேணாம் புள்ள. மண்ணு தோண்டுற அலவாங்கு இருக்கு, அத கொண்டு போ."

"அலவாங்க யாருப்பா தொடுவா?"

"அப்ப கோழிக்கூடு."

மூன்று நாள் சண்டை. கடைசியில் மியூசியம் அக்காவே வீட்டுக்கு வந்தார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மடுவத்துச் சாவி யாருகிட்ட இருக்கும்ங்க?"

சரியான கஞ்சப்பிசினாறி, கூடை களவு போய்விடுமென்று பயப்படுகிறார் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கூடை மியூசியத்துக்குப் போனது. ஜன்னலுக்குப் பக்கத்தில், தொட்டில் கொக்கி ஒன்றில் தொங்கியது. என் நடை இப்போது மியூசியத்தில். ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முந்திப் போய் ஜன்னலிலிருந்து கதவு வரை நடப்பேன். தட், தட்.

முதல் ஞாயிறு கீழ்க் கிராமத்துத் த்ரீவீல் மாமா. மனைவியையும் இரண்டு பையன்களையும் ஒரு கட்டு மூங்கிலையும் ஒரே த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெசாக் கூடு, அதாவது பண்டிகை விளக்குக் கூடு, கட்டச் சொல்லிக் கொடுத்தார். மூங்கிலைச் சீவி, எட்டு மூலை பிடித்து, நூலால் கட்டி, மெல்லிய கலர்த் தாள் ஒட்ட வேண்டும். எங்கள் அப்பாமார் கட்டிய கூடுகளைப் பார்த்துவிட்டு மாமா தலையில் கை வைத்தார்.

"அண்ணே, இது வெசாக் கூடு இல்ல. கோழிக் கூடு."

"கோழிக்கூடுதான் எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கே," என்றேன் நான். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பசைக் கையோடு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பசை காய்ந்து முடியில் ஒட்டி, இரண்டு நாள் போகவில்லை. நான் கழுவவும் இல்லை.

இன்னொரு ஞாயிறு கடை நானாவின் குடும்பம். டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். அவருடைய மகள் என் வகுப்பு, என் பெஞ்சு, என் ஜென்ம எதிரி, என் உயிர்த் தோழி. நானா கொண்டுவந்த சாமான் ஒரு மரக் கஜக்கோலும் பத்துப் பன்னிரண்டு அளவு டேப்பும்.

"இந்தா மக்கள், ஆளுக்கொண்டு புடிங்க. இந்த மடுவத்துல ஈக்கிற எல்லாத்தையும் அளந்து சீட்டு எழுதுங்க. சும்மா எழுதப் படாது. ரெண்டு தரம் அளந்து ஒரு தரம் எழுதணும். அது எங்கட கடச் சட்டம்."

அன்றைக்கு அந்த மடுவம் பட்ட பாடு! தப்பு மேளத்தின் வட்டம், கத்தியின் நீளம், த்ரீவீல் மாமாவின் வயிறு எல்லாவற்றையும் அளந்தோம். சுவரில் அக்கா ஓர் உயரக் கோடு வரைந்தார். மாதா மாதம் ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் அதில் பெயரோடு ஏறும். கூடையை அளந்தது நானாவின் மகள். கயிற்றின் நீலத் துணியிலிருந்து கூடையின் அடி வரைக்கும். இரண்டு தரம் அளந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டில் எழுதிக் கட்டினாள்: "36 அங்குலம்."

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனுசன் அடியோடு மாறிவிட்டார். தானாகவே போய் அக்காவிடம், "அந்தத் தட்டு ஆடுதுங்க, நான் பண்ணித் தாறேன்" என்றார். அடுத்து கதவுக் கீலை மாற்றினார். அப்புறம் கூரைத் தகரத்துக்குத் தார் பூசினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெக்டரி விட்டதும் நேரே மடுவம்தான். கடைசியில் சாவியே அப்பாவிடம் வந்துவிட்டது. அக்கா பெற்றோர் கூட்டத்தில், "பாருங்க, தாய் ஊர்ல இல்லாத வீடு, ஆனா இந்த அப்பா மாதிரி யாரு முன்னுக்கு நிக்கிறாங்க?" என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கமாம்! நான் பெருமையில் பலூன் மாதிரி ஊதிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பாவம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கண்டுபிடித்தது நானாவின் மகள். எழுதியது அவள்தானே, அதனால் சீட்டுகளுக்கெல்லாம் தானே சொந்தக்காரி என்று நினைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, வீட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனோம். டேப்பை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தவள், கூடையிடம் வந்து நின்றுவிட்டாள்.

"ஏய், இங்க வா. ஒங்கட கயிறு நீண்டீக்கி."

"போடி."

"சீட்டுல முப்பத்தாறு. இப்ப முப்பத்தேழரை."

"நீ அன்னைக்குப் பிழையா அளந்திருப்ப."

அந்தப் பரம்பரையில் யாரிடமும் சொல்லக் கூடாத வார்த்தை அது. முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "நானா? ரெண்டு தரம் அளந்தேன்! நீதான் இழுத்தீப்பாய்."

"மழையில நனைஞ்சு நீண்டுருக்கும்."

"மேளம் நீளல்ல, கத்தி நீளல்ல. ஒங்கட கயிறுக்கு மட்டும் மழ பெய்யுமா?"

"வாய மூடு" என்று மட்டும் சொன்னேன். மூடுகிற வாயா அது? நேரே வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அது பின்னால்.

சனிக்கிழமை பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, நானே அளந்து பார்த்துவிடலாம் என்று அவளுடைய டேப்போடு மடுவத்துக்குப் போனேன். மிஸ்ட் இறங்கியிருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அப்பா உள்ளே இருந்தார். பெக்டரித் தூசி தலையெல்லாம் அப்பியபடி, உயரக் கோட்டுக்கு முன்னால் நின்றார். அந்த வாரம்தான் அக்கா எங்கள் எல்லோரையும் புதிதாக அளந்து கோடு போட்டிருந்தார். அப்பா என் கோட்டைத் தேடிப் பிடித்து விரல் வைத்தார். அதற்குக் கீழே என் பழைய கோட்டில் இன்னொரு விரல். இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, சிந்திவிடுமோ என்கிற மாதிரி, அப்படியே தூக்கிக்கொண்டு கூடைக்கு வந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அந்த இடைவெளி அளவுக்குக் கயிற்றை விட்டார். மறுபடி கட்டினார். முடிச்சுக்குள் இருந்து புதிதாக வெளியே வந்த கயிறு வெளுப்பாகத் தெரிந்தது; சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி ஈரத் தேயிலைச் சக்கையை எடுத்து அதன்மேல் வைத்துத் தேய்த்தார், பழைய நிறம் வரும்வரை.

எனக்கு ஒன்பது வயது. ஆனால் கணக்கில் நான் கெட்டிக்காரி. நான் வளர வளரக் கயிறும் வளர்ந்தால், கூடை எந்தக் காலத்திலும் இடித்துக்கொண்டேதான் இருக்கும். என்றால், எனக்கு இடிக்காத நாள் எப்போதோ வந்து போய்விட்டது. நான் எப்போதோ வளர்ந்துவிட்டேன். அம்மா வரவில்லை.

ஓடி வீட்டுக்கு வந்து ரொட்டிக்கு மா பிசைந்தேன். அப்பா வந்தார். கைநகத்தில் சாயம். சம்பல் தொட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, "நாளைக்குக் கூடையப் போட்டு நடக்கப் போறியாமே" என்றார்.

"ம்."

"நல்லா நட."

மறுநாள்தான் பெரிய ஞாயிறு. மூன்று பக்கத்துக் குடும்பங்களும் வருகிற நாள், எங்கள் வீட்டு முறை. நான் கூடையைப் போட்டுக் கொழுந்து பறிக்கிறதை நடந்து காட்ட வேண்டும், பிறகு மற்றப் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு செய்து பார்ப்பார்கள். மடுவம் நிறைய ஆட்கள். த்ரீவீல் மாமாவின் மனைவி கொண்டைப் பலகாரமும், நானாவின் வீட்டிலிருந்து சட்டி நிறைய வட்டிலப்பமும் கொண்டுவந்திருந்தார்கள். அத்தை சிம்னி விளக்கைத் துடைத்தபடி, "இது எங்க வீட்டுது" என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கூடையை எடுக்கப் போனபோது கடை நானா அதன் பக்கத்தில் டேப்போடு நின்றார். முடிச்சை அப்போதுதான் இறுக்கி முடித்திருந்தார்.

"மகள், கயிறு ரெண்டு அங்குலத்துக்கு மேல கூடி இருந்திச்சு. சீட்டுல ஒண்டு, சாமான்ல ஒண்டு ஈக்கப் படாது. ஆக்கள் வாற நாள். முப்பத்தாறுக்குச் சரியாக் கட்டிட்டேன்." தோளில் தட்டினார். அவருக்குப் பின்னால் அவருடைய மகள், பார்த்தியா என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

நல்ல மனுசன். வாழ்நாள் முழுக்கச் சரியாக அளந்தவர். அன்றைக்கும் சரியாகத்தான் அளந்தார்.

அக்கா என் தலையில் கயிற்றை மாட்டிவிட்டார். நீலத் துணியில் அம்மா வாடை போய்ப் பல நாள் ஆகியிருந்தது, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தொட்டுத் தொட்டு. ஜன்னலிலிருந்து கதவைப் பார்த்து நின்றேன். கதவடியில் அப்பா, குளித்து வெள்ளைச் சட்டை போட்டு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முட்டியைப் பார்த்தார்.

ஓர் எட்டு வைத்தேன். கூடை மேலேயே ஆடியது. இடிக்கவில்லை.

இன்னோர் எட்டு. இல்லை.

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்தேன். கம்பஸில் எத்தனையோ வைவா பரீட்சையில் எத்தனையோ பேர் முகம் வெளுத்துப் பார்த்திருக்கிறோம், அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய ஆள், தன் ஒன்பது வயது மகளுக்குப் பயந்து நிற்கிறார். நான் இப்போது கேட்டுவிடுவேன், 'இடிக்கலயேப்பா, அம்மா எங்க?' என்று, இவ்வளவு பேருக்கு முன்னால். கேட்கலாம்தான். கேட்க வேண்டும் என்றுதான் ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

முட்டியை மடக்கினேன்.

கொஞ்சம்தான். பாவாடைக்குள் யாருக்கும் தெரியாத அளவுக்கு. குள்ளி மாதிரி குனிந்து, மடக்கிய காலோடேயே அடுத்த எட்டை வைத்தேன். தட். அடுத்தது. தட். கதவு வரைக்கும் அப்படியே போய், அப்பாவுக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னும் இடிக்குதுப்பா."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்களோ தெரியாது. அப்பா கயிற்றை என் தலையிலிருந்து கழற்றுவதற்கு ரொம்ப நேரம் எடுத்தார். நான் மடக்கியது அவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். பதினேழு வருசம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மியூசியம் ரொம்ப நாள் ஓடவில்லை. அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. காற்று மழையில் கூரைத் தகரம் போனது. சுவரில் 'தொடவும்' மட்டும் கொஞ்ச காலம் மிச்சமிருந்தது. கவ்வாத்துக் கத்தி, மேளம், கஜக்கோல் எல்லாம் எங்கே போயினவோ. கூடை மட்டும் வீட்டு ஆணிக்குத் திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் எங்கள் வேலையைத் தொடர்ந்தோம். அவர் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். அவர் விட மறந்த வாரங்களில் நான் முட்டியை மடக்கினேன். ஒருநாள்கூட இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மா வந்தபோது எனக்குப் பதின்மூன்று. வாசலில் வந்து நின்றாள். என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. பெட்டியிலிருந்து சவர்க்காரமும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்துவிட்டு, ஆணியில் கூடையைக் கண்டதும் ஒரு கத்துக் கத்திப் போய் எடுத்துத் தலையில் மாட்டினாள். மூன்றே எட்டு.

தட். தட். தட்.

"என்னாங்க இது? எனக்கே முட்டியில இடிக்குது! ஒட்டகத்துக்கா கட்டுனீங்க?"

சிரித்துக்கொண்டே கயிற்றைக் கையில் பிடித்தவள், நீலத் துணியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே போய், முடிச்சில் நின்றாள். அது அவள் முடிச்சு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய அடையாளம் கயிறு முழுக்க இருந்தது. அப்பா கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தரமும் 'இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன், புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க'னு போன்ல அழுதேன்டி. சொல்லிட்டேன் சொல்லிட்டேன்னாரு."

"சொன்னாரும்மா," என்றேன்.

அந்தக் கயிற்றை அவளும் ஏற்றிக் கட்டவில்லை. மலைக்குப் போகப் பை வந்துவிட்டது. கூடையில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

சரி, பஸ் அவிசாவளையைத் தாண்டிவிட்டது, முடிக்கிறேன். அடுத்த மாதம் நான் எந்த நாட்டுக்குப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கு முந்தியே நம்மில் பாதிப் பேர் போயாயிற்று. இரண்டு வருசம்தான் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், எல்லோரையும் போல. நேற்று அதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அப்பா பெக்டரியை விட்டு இரண்டு வருசமாகிறது. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது. விசயத்தைச் சொன்னதும், "ம், போயிட்டு வா" என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

நான் எழுந்து வெங்காயத்தைச் சுளகில் கொட்டினேன். "ஏண்டி!" என்றாள் அம்மா. கூடையைக் கொண்டுபோய் அப்பாவின் தலையில் மாட்டினேன். மனுசன் மறுப்பே சொல்லவில்லை. மாட்டுவதற்கு வசதியாகத் தலையைக் குனிந்துகூடக் கொடுத்தார்.

"அடுப்புக்கிட்டேருந்து வாசல் வரைக்கும் நடங்க பாப்பம்."

நடந்தார். கயிறு அவ்வளவு நீண்டும் அப்பா உயரத்துக்குக் கூடை மேலேயே நின்றது. இடிக்கவில்லை.

"நீங்க வயசாகிக் கூனி, இது ஒங்க முட்டியில இடிக்கிறதுக்கு இன்னும் ரொம்ப நாளு இருக்குப்பா. அதுக்குள்ள இந்த வாசல்ல வந்து நிப்பேன்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயமாக இருக்கும்.

அப்பா வாசலை எட்டியதும் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே மிஸ்ட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாக இரண்டு முட்டியையும் மடக்கினார். கொஞ்சம்தான். அன்றைக்கு அந்த மடுவத்தில் நான் மடக்கிய அதே அளவு. ஓர் எட்டு வைத்தார்.

தட்.

"இப்பவே இடிக்குதே புள்ள," என்றார்.